பல்லவச் சுவரை முடிக்காமல் விட்டவள்

நாடக செட் செய்கிற அந்தத் தகரக் கொட்டகையில் எந்த ராஜவம்சமும் மூன்று வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது கிடையாது. ஒரு திங்கட்கிழமை சோழர்கள் வருவார்கள். நாடகம் முடிந்த மறுநாளே அவர்கள் தலையில் சாக்கைப் போட்டு மூலையில் சாய்த்துவிட்டு, அதே பலகைகளின் மேல் விஜயநகரத்தை ஏற்றிவிடுவார்கள். முகலாய வளைவு ஒன்று உண்டு, ஓரமெல்லாம் இதழ் இதழாக வெட்டியது. அது இதுவரை எத்தனை அரண்மனைக்கு வாசலாக நின்றது என்று அதற்கே நினைவிருக்காது. ஒருமுறை அவசரத்தில் அதைக் கொண்டுபோய்ச் சாளுக்கியர் சபையில் நிறுத்திவிட்டார்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அச்சக்கா அன்று பொழுது சாயும்வரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அச்சக்கா என்றால் அச்சு எடுக்கிற அக்கா. அந்தக் கொட்டகையில் யாருக்கும் வீட்டில் வைத்த பெயர் செல்லுபடியாகாது. சூடேற்றிய கம்பியால் தெர்மோகோலை வெட்டுகிறவர் சூட்டுக்கம்பி. சுவருக்குக் கல் நிறம் கொடுக்கிறவர் பெயிண்டர். மரவேலை பார்க்கிறவர் தச்சர். அவர்தான் அச்சக்காவின் வீட்டுக்காரர். தச்சரின் தங்கை பக்கத்து அறையில் ராஜாக்களுக்கும் சேடிகளுக்கும் உடை தைக்கிறாள். அவள் மட்டும் எல்லாரையும் ஏதாவது ஒரு உறவுமுறை வைத்துக் கூப்பிடுவாள். அச்சக்காவுக்கு அவள் நாத்தனார். வாய் கொஞ்சம் நீளம், மனசும் அதே நீளம்.

அச்சக்கா அங்கே வந்து சேர்ந்தது பிளாஸ்டர் கலக்க. அப்போது அவளுக்குக் கல்யாண வயதுகூட ஆகவில்லை. பிளாஸ்டர் என்பது பொறுமையில்லாத சாமான். தண்ணீரில் விழுந்ததும் சூடாகும், நீங்கள் ஒரு கதையைச் சொல்லி முடிப்பதற்குள் கல்லாகிவிடும். அதோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவளுக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டது. எதையும் உடனே செய்ய வேண்டும், உடனே பார்க்க வேண்டும், பார்த்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும். அச்சுகளைக் கழுவி வைக்கும் வேலை அவளுடையதாக இருந்ததால், ராஜவம்சங்கள் அவளுக்கு விரல் வழியாகத்தான் அறிமுகமாயின. தூணின் அடியில் குந்தி உட்கார்ந்து, மொத்தப் பாரத்தையும் தலையில் தாங்கிக்கொண்டு முகம் சுளிக்காமல் இருக்கிற சிங்கம் பல்லவர் வீட்டுச் சிங்கம். விஜயநகரத்து யாளியோ உட்காரவே உட்காராது, பின்னங்காலில் எழும்பிப் பாய்ந்துகொண்டிருக்கும்.

"ஒய்சளர் வீட்டுல ஒரு விரக்கடை இடம் சும்மா விடமாட்டாங்க. இடம் காலியா இருந்தா அதுல ஒரு யானையைப் போட்டுட்டுத்தான் மறுவேலை," என்பாள். "சோழர் வெண்கலம் பாத்திருக்கியா? இடுப்பை வளைச்சு நிக்கிறதுலேயே ஒரு திமிர் தெரியும். ஊரையே ஜெயிச்சவங்க இல்ல, பின்ன எப்படி நிப்பாங்க!"

கேட்கிறவர்களுக்கு அவள் ஏதோ பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் குடும்பங்களைப் பற்றி வம்பு பேசுவது போலத்தான் இருக்கும். கொட்டகையில் தடிமனான படப் புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டை போய், ஓரமெல்லாம் பிளாஸ்டர் விரல் ரேகை. சாப்பாட்டு நேரத்தில் அவள் அதைத்தான் புரட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்காரர் நேர் எதிர். தச்சர் வாயைத் திறந்து அரை வாக்கியம் பேசினால் அன்றைக்கு ஏதோ விசேஷம் என்று அர்த்தம். ஆனால் எடுத்த வேலையை முடிக்காமல் அவரால் இருக்க முடியாது. நாடக செட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு, பின்னால் வெறும் சட்டமும் ஆணியும் என்பது உலகமறிந்த விஷயம். இந்த மனுஷர் பின்பக்கத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் வந்த காரியத்தை விட்டுவிட்டுக் கிரீச்சிடும் கதவைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை நலம் விசாரிக்கப் போன இடத்தில், படுத்திருந்த ஆளை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கட்டிலின் ஆட்டத்தைச் சரிசெய்திருக்கிறார்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருடைய வேலையாவது பின்தங்கிப் போனால், மற்றவர்கள் அதைக் கேட்காமல் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்கக் கூடாது. கேட்டால் அந்த ஆளுக்கு அவமானம். அவர் இல்லாத நேரம் பார்த்து வேலையை முடித்துவிட்டு, மறுநாள் ஒன்றுமே தெரியாத மாதிரி டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டும். முடித்துக் கொடுத்தவருக்கு நன்றியும் சொல்லக் கூடாது. இந்தப் பழக்கத்தால் எத்தனையோ நாடகங்கள் பிழைத்திருக்கின்றன. அச்சக்காவே எத்தனை பேருக்கு இப்படிச் செய்திருக்கிறாள்! இந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

நடந்தது இதுதான். செட் வடிவமைத்துக்கொண்டிருந்த கலை இயக்குநர் திடீரென்று வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாடகம் ஒரு பல்லவ ராஜாவின் கதை. ராஜாவுக்குப் பெயர் கிடையாது, எழுதியவரின் கற்பனை. ஒரு குன்றைக் குடைந்து கோவில் செய்ய ஆசைப்படுகிறான் அந்த ராஜா. தலைமைச் சிற்பி ஒருவர் ஆயுள் முழுக்க அந்தக் குன்றோடு கிடக்கிறார். கோவில் முடிகிற நேரத்தில் ராஜா இறந்துபோகிறான். புது ராஜாவுக்கு வேறு இடம், வேறு பாணி, வேறு ஆட்கள். உளியைக் கீழே போடச் சொல்லி ஆணை வருகிறது. சிற்பிகள் போகிறார்கள். திரை.

நாடக டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு கொட்டகை வாசலில் நின்றபோது, அச்சக்கா பிளாஸ்டர் கையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நான் செய்யறேன். செட்டு மொத்தமும் என் பொறுப்பு. என்கிட்ட ஒரு யோசனை இருக்கு."

அவர் பதில் சொல்வதற்குள் படப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். பாதியில் நின்றுபோன ஒரு குடைவரையின் படம் அது. பாறையில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டியிருக்கிறது. மேல் வரிசைக் கட்டங்களைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். நடுவில் பாதி. கீழே தொடவே இல்லை. ஒரு தூண் தோள்வரை வெளியே வந்து, அதற்குக் கீழே இன்னும் மலையாகவே இருக்கிறது.

"பாத்தீங்களா, சார்! கட்டத்துக்கு நடுவுல உளி வெச்ச தடம்கூட இருக்கு. நாளைக்கு வந்து பாத்துக்கலாம்னு போயிருக்கான். அவனுக்கு அந்த நாளைக்கு வரவே இல்ல. கடைசிக் காட்சியில கோவில் முழுசா நிக்கக் கூடாது. இப்படி நிக்கணும். பாக்கறவங்களுக்கு வயித்தப் பிசையணும்!"

டைரக்டர் படத்தையே வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் பிடித்திருந்தது, ஆனால் பயம் விடவில்லை.

"எல்லாம் சரிக்கா. ஆனா ஜனங்க இதப் பாத்து, நாமதான் வேலைய முடிக்கலேன்னு நினைச்சுட்டா? புது ஆள் கையில குடுத்தாங்க, பாதியில விட்டுட்டாங்கன்னு பேசுவாங்க. அப்புறம் அடுத்த நாடகத்துக்கு உங்க பேரை நான் எப்படிச் சொல்றது?"

"நினைக்க மாட்டாங்க, சார்," என்றாள் அச்சக்கா. சொல்லும்போது அவளுக்கே அது அவ்வளவு நிச்சயமாக இல்லை. ஆனாலும் நோட்டீசில் அவள் பெயரைப் போடுவதாக அவர் ஒத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவள் பெயர் எந்த நோட்டீசிலும் வந்ததில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் கால் தரையில் பாவவில்லை.

அதற்கப்புறம் வேலை பறந்தது. பிளைவுட் சட்டம், மேலே தெர்மோகோல், அதன் மேல் சாக்குத் துணி, துணி மேல் பிளாஸ்டர். அரங்கத்து மேடையில், அதன் முழு அகலத்துக்கும் ஒரு குன்றின் முகமே எழுந்து நின்றது. மேல் பாதியில் தூண்களின் தலை, வளைவு, வாசல் காவலர்களின் கிரீடமும் முகமும். கீழே போகப் போகக் கட்டங்கள். கட்டங்களை மட்டும் அவளே வெட்டினாள், யாரையும் கிட்டத்தில் விடவில்லை. உளியை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சாய்வில் வைத்தாள். பல பேர் கை பட்ட மாதிரி தெரிய வேண்டும் அல்லவா?

எல்லாவற்றையும் செய்தாள், ஒன்றைச் செய்யவில்லை. ஏன் இப்படி என்று கொட்டகையில் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே வழக்கம் அப்படி. ஆளுக்கொரு அளவைக் கொடுப்பார்கள், நாடகத்தை ஒருவரும் படிப்பதில்லை. அதைவிட முக்கியமான காரணம் தச்சர். பாதியில் விடப்போகிறேன் என்று அவரிடம் சொன்னால் வாதம் வரும். வாதத்தில் அவர் ஜெயிக்க மாட்டார், ஆனால் தோற்றதையும் ஒப்புக்கொள்ளாமல் பத்து நாளுக்கு உம்மென்று இருப்பார். அதனால், நாடகம் அரங்கேறுவதற்கு முந்தின நாள், வாடகை விளக்குகளைப் பார்த்து எடுத்துவரப் பக்கத்து ஊருக்குக் கிளம்பும்போது, "சுவர் இப்படியே இருக்கட்டும், போதும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கொட்டகையில் 'போதும்' என்று யார் சொன்னாலும், முடியாமல் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்ப்பார்கள். இவள் முகத்தில் களைப்பு இருந்தது, கண்ணுக்குக் கீழே கருப்பு இருந்தது. தூணுக்குக் கால் இல்லை, காவலனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கட்டம் போட்டு வைத்திருக்கிறாள், செதுக்க நேரம் கிடைக்கவில்லை. பாவம், முதல் செட்டு. சூட்டுக்கம்பி பெயிண்டரைப் பார்த்தார். பெயிண்டர் தச்சரைப் பார்த்தார். தச்சர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை அச்சக்கா விளக்குகளோடு அரங்கத்துக்குள் வந்து, மேடைத் திரையை விலக்கினாள்.

கோவில் முடிந்திருந்தது.

ஒரு மூலை பாக்கியில்லை. தூண்கள் தரைவரை இறங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிங்கம் குந்தியிருந்தது. வாசல் காவலர்கள் காலை அகட்டிக் கதாயுதத்தை ஊன்றி நின்றார்கள். அடி வரிசையில் ஒரு தாமரை வரி வேறு. பெயிண்டர் எல்லாவற்றுக்கும் கருங்கல் நிறம் கொடுத்து, விளிம்புக்கு வெளுப்பும் தட்டியிருந்தார். பொய் சொல்லக் கூடாது, அந்தக் கொட்டகை பிறந்ததிலிருந்து அவ்வளவு அழகான ஒன்றைச் செய்ததில்லை.

மேடை ஓரத்தில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றுமே தெரியாத மாதிரி. ஆனால் ஒருவர் முகத்திலும் பெருமை அடங்கவில்லை. சூட்டுக்கம்பி தம்ளரால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். தச்சர் மட்டும் மேடையின் இடது தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிங்கம் அவர் செதுக்கியது. வாழ்நாளில் சட்டமும் கதவும் தவிர எதையும் செய்திராத மனுஷர், முதல்முறையாக ஒரு உயிரைச் செய்திருந்தார்.

"அண்ணி, அந்தச் சிங்கத்தைப் பாத்தீங்களா?" என்றாள் நாத்தனார். "அப்படியே எங்க அண்ணன் முறைக்கிற மாதிரியே இருக்குல்ல? மீசைதான் பாக்கி."

அச்சக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். சாயங்காலம் அரங்கேற்றம்.

"நல்லா இருக்கு," என்றாள். "ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு. ஐயோ, நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்."

சொன்னாள். ராஜா இறப்பதையும், ஆணை வருவதையும், சிற்பிகள் போவதையும் மூச்சு விடாமல் சொன்னாள். படப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். யாரும் டீயைத் தொடவில்லை.

தச்சர்தான் முதலில் பேசினார். "அப்ப வேணும்னே பாதியில விட்டியா?"

"ஆமாங்க."

"பாதியில விடறது ஒரு வேலையா?"

"இது அவங்க பாதியில விட்டதுங்க. நான் விட்டது இல்ல. அவங்க விட்டதை நான் முழுசாச் செஞ்சிருந்தேன்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சூட்டுக்கம்பி தலையைச் சொறிந்தார். பெயிண்டர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கட்டத்துக்கு நடுவில் இருந்த உளித் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு திடீரென்று, "அட, இவன் நம்ம ஆளுடா!" என்று கத்தினார். "நடுவுல நிறுத்திட்டுச் சாப்பிடப் போன மாதிரியே இருக்கு!"

அந்த ஒரு சத்தத்தில் எல்லாருக்கும் உயிர் வந்துவிட்டது. கழற்றிவிடலாம், உடைத்துவிடலாம், இப்போதே ஆரம்பிக்கலாம் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். பெயிண்டர் ஒரு சுத்தியலை எடுத்து வலது காவலனின் முழங்காலில் ஒரே போடு போட்டார். பிளாஸ்டர் பொலபொலவென்று கொட்டியது. எல்லாரும் இரண்டடி தள்ளிப் போய்ப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று அலறினாள் அச்சக்கா. "இது இடிஞ்ச கோவில். சண்டை வந்து எவனோ உடைச்ச கோவில். எனக்கு அது வேண்டாம். நமக்கு வேண்டியது இன்னும் பொறக்காத கோவில்!"

உண்மைதான். உடைந்துபோனது வேறு, முடியாமல் நின்றது வேறு. உடைத்து உடைத்து எத்தனை மணி நேரம் போனாலும் அந்தக் கோவில் பாழடைந்ததாகத்தான் ஆகும். அச்சக்கா சுவரின் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நகத்தைக் கடித்தாள். செதுக்கினவன் கல்லை எடுத்தான். அப்படியென்றால் எடுத்த கல்லைத் திருப்பி வைக்க வேண்டும்! குன்றைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்!

"மூடணும்!" என்று கையைத் தட்டினாள். "ஒண்ணையும் உடைக்க வேண்டாம். சிங்கத்து மேல, கால் மேல, எல்லாத்து மேலயும் மறுபடி பாறை ஏத்தணும். ஏத்திட்டுக் கட்டம் வெட்டணும். மேல இருந்து கீழ வந்தாங்க இல்ல, நாம கீழ இருந்து மேல போவோம்!"

அதற்கப்புறம் அந்த மேடையில் நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். சூட்டுக்கம்பி கம்பியைச் சூடாக்கித் தெர்மோகோலைப் பாளம் பாளமாக அரிந்து தள்ளினார். நாத்தனார் தையல் மெஷினை விட்டுவிட்டு வந்து சாக்குத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள். சேடிகளின் உடைக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை, ஊசியைக் குத்திக்கொண்டு ஆடட்டும் என்றுவிட்டாள். அச்சக்கா இரண்டு கையாலும் பிளாஸ்டர் கலக்கினாள். கலக்குவதும் பூசுவதும் கட்டம் கீறுவதும் இறுகுவதற்குள் முடிய வேண்டும். ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. சரியான இடத்தில் கை போய் நின்றது, அதுவே போதுமாக இருந்தது. டைரக்டர் ஒருதடவை எட்டிப் பார்த்தார். மேடை முழுக்கச் சேறும் சாக்கும் பார்த்து முகம் வெளுத்துப்போய், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். புத்திசாலி.

காவலர்களின் கால்கள் மறைந்தன. தாமரை வரி மறைந்தது. வலப்பக்கத்துச் சிங்கங்கள் ஒவ்வொன்றாகப் பாறைக்குள் போயின. இடது தூணுக்கு வந்தபோது எல்லாருடைய கையும் நின்றது. அதை மூட யாருக்கும் மனம் வரவில்லை. அச்சக்காவுக்குத்தான் முதலில் வரவில்லை. மண்டியிட்டு அந்தச் சிங்கத்தின் தலையில் கை வைத்துப் பார்த்தாள். பிடரிமயிர் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக இருந்தது. வீட்டுக்காரர் இப்படி ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கதவு அறுத்துக்கொண்டிருந்தாரா என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தச்சர் வந்து நின்றார். கையில் உப்புத்தாள்.

"தள்ளு," என்றார்.

உட்கார்ந்து சிங்கத்தின் இடது காதைத் தேய்க்க ஆரம்பித்தார். பொறுமையாக, சுற்றிச் சுற்றி.

"மூடப்போற சிங்கத்துக்கு எதுக்குண்ணா உப்புத்தாள்?" என்றாள் நாத்தனார்.

"நேத்து இந்தக் காதை முடிக்கல," என்றார் அவர்.

தேய்த்து முடித்து, தூசியை வாயால் ஊதினார். பிறகு அச்சக்காவின் கையிலிருந்த சட்டியை வாங்கி, அவரே முதல் கை பிளாஸ்டரை அதன் முகத்தின் மேல் வைத்தார். சாக்கை அவரே போர்த்தினார். கட்டம் வெட்ட மட்டும் அவளிடம் உளியைக் கொடுத்தார். அவள் வெட்டி முடிக்கும்வரை எழுந்து போகவில்லை.

திரை ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்புவரை பிளாஸ்டர், இறுகிவிட்டாலும், ஈரமாகவே இருந்தது. விளக்குப் பட்டால் பளபளக்கும், பாறை என்று ஒரு குழந்தைகூட நம்பாது. பெயிண்டர் காய்ந்த நிறப்பொடியைத் துணியில் முடிந்து சுவர் முழுக்கத் தட்டினார். அரங்கத்தில் இருந்த மின்விசிறிகளை எல்லாம் மேடைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். பொடி பறந்து ராஜாவின் மீசையெல்லாம் கருங்கல்லாகிவிட்டது. ராஜா வேஷக்காரர் தும்மிக்கொண்டே வசனம் பாடம் பண்ணினார்.

நாடகம் ஆரம்பமானது. அச்சக்கா மேடையின் பக்கவாட்டில், திரை மறைவில் நின்றாள். கடைசிக் காட்சிவரை சுவருக்கு முன்னால் ஒரு கறுப்புத் துணி தொங்கியது. அவளுக்கு வசனம் ஒன்றும் காதில் விழவில்லை. கொட்டகை ஆட்கள் முகம் கழுவிக்கொண்டு கூட்டத்தோடு போய் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் செட்டு போட்ட நாடகத்தை அவர்கள் முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல்தடவை.

கடைசிக் காட்சி. கறுப்புத் துணி மேலே போனது. பக்கத்திலிருந்து ஒரே ஒரு விளக்கு சுவரின் மேல் சாய்வாக விழுந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிழல் விழுந்தது. மேலே கிரீடமும் கண்ணும் தோளும், கீழே மலை. அவள் நினைத்ததைவிடவும் நன்றாக இருந்தது. ஒரு கணம் அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அடுத்த கணம், அவளுக்குப் பக்கத்து முன்வரிசையிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"செட்டு முடியல போல. காசு பத்தலையோ என்னவோ."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மேடைக்கு மறுபக்கத்தில் நின்ற டைரக்டர் நிமிர்ந்து அச்சக்காவைப் பார்த்தார். முடிந்தது, எல்லாம் முடிந்தது, நாளையிலிருந்து மறுபடி பிளாஸ்டர் சட்டிதான் என்று நினைத்தாள். அழகான கோவிலை மூடச் சொன்னாளே, அந்த மனுஷரின் சிங்கத்தை மூடச் சொன்னாளே! தன்னையே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள்.

மேடையில் தூதன் வந்தான். ராஜா இறந்த செய்தியைச் சொன்னான். புது ராஜாவின் ஆணையைச் சொன்னான். சிற்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் உளியை இடுப்பில் செருகினான். இன்னொருவன் கூடையை எடுத்தான். கிழவரான தலைமைச் சிற்பி கடைசியாக உளியைக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

அப்போது நடு வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்.

"அடேய்!" என்று அரங்கம் அதிரக் கத்தினார். "எங்கடா போறீங்க? உள்ள சிங்கம் இருக்குடா! காதெல்லாம் முடிஞ்சு முழுசா உக்காந்திருக்குடா! இன்னும் கொஞ்சம்தான்டா பாக்கி, செதுக்கி எடுத்துட்டுப் போங்கடா!"

தச்சர். நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்காத தச்சர். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தங்கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவர் உட்காரவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கிழச் சிற்பியாக நடித்தவர் நாடகத்துக்கே பிறந்த மனுஷர். அப்படியே நின்றார். மெல்லத் திரும்பினார். ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தார்: இடது தூணின் அடியில் போய் மண்டியிட்டு, வெறும் பாறையின் மேல் உள்ளங்கையை வைத்தார். அரங்கம் முழுக்க அந்தக் கையையே பார்த்தது. முன்வரிசையில் காசு பத்தலையோ என்று கேட்டவர் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "முடிக்க விடுங்கய்யா அவங்களை," என்றது. இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு பல குரல்கள். கிழவர் எழுந்து, ஒருவரையும் பார்க்காமல் வெளியே போனார். திரை இறங்கியது.

அச்சக்கா அழுதாள், சிரித்தாள், பக்கத்தில் நின்ற சேடி வேஷக்காரியைக் கட்டிக்கொண்டாள், அவள் உடையில் இருந்த ஊசி குத்தி "ஆ!" என்றாள். டைரக்டர் மேடையைக் குறுக்காக ஓடி வந்து, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். வெளியே கைதட்டல் ஓய்ந்தபாடில்லை.

எல்லாரும் கலைந்துகொண்டிருந்தபோது தச்சர் மேடைக்குப் பின்னால் வந்தார். கூச்சத்தில் அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சுவரின் பின்பக்கத்தைச் சும்மா தடவிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கும் இப்படியேதான் விட்டுட்டுப் போவாங்களா?" என்று கேட்டார்.

"நாளைக்கும் அப்படித்தாங்க," என்றாள் அச்சக்கா.

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப நாளைக்கும் எனக்கு ஒரு டிக்கெட் சொல்லி வை. முன்வரிசையில."